லேசான விசை

ஹாஸ்கின்ஸ் கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகத்தில் நான் டெபுட்டியாக, அதாவது ரோந்துக் காவலராக, சேர்ந்த முதல் செவ்வாய்க்கிழமையே மூத்த டெபுட்டி ஓடெல் டக்கெட் என் இடுப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்ன இபாரா, பொம்மைக் கடையில வாங்கினியா?"

சுடும் பயிற்சிக்காக ஊருக்கு வெளியே பழைய சரளைக்கல் குழிக்குப் போயிருந்தோம். என் பெயர் ஒராலியா இபாரா. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. டக்கெட்டுக்கு ஐம்பத்து நான்கு. என் கைத்துப்பாக்கி அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் புதிது. உடல் பிளாஸ்டிக், உள்ளே பதினேழு தோட்டா, பூட்டு என்று எதுவும் கிடையாது. உறையிலிருந்து உருவி விசையை அழுத்தினால் சுடும், அவ்வளவுதான்.

அவருடையது நைன்டீன்-லெவன். அது கம்பெனியின் பெயரல்ல. ராணுவம் அந்த மாதிரியை எடுத்துக்கொண்ட வருடம் பெயராக ஒட்டிக்கொண்டது, பிறகு எத்தனையோ கம்பெனிகள் அதே அச்சில் வார்த்துத் தள்ளிவிட்டன. முழுக்க எஃகு. கையில் வாங்கினால் ஒரு செங்கல்லைக் கொடுத்தது போலிருக்கும். உள்ளே ஏழு தோட்டா, குழலின் வாயில் ஒன்று, ஆக எட்டு. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் பருமன்.

"பொம்மைதான். ஆனா பதினேழு தடவ சுடும். உங்களுது எட்டு தடவ சுடும், அப்புறம் தூக்கி எறியணும். எறிஞ்சா நல்லாத்தான் படும், வெயிட்டு இருக்கே," என்றேன்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். டக்கெட்டும் சிரித்தார். அப்படித்தான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது.

மூன்று வருடம் ஒரே வண்டியில் சுற்றினோம். வாய்த்தகராறு இல்லாமல் ஒரு நாள் போனதில்லை. பெட்ரோல் பங்கில் பர்ரிட்டோ வாங்கித் தின்றுகொண்டே சண்டை, கோர்ட்டு வாசலில் சண்டை. அவர் துப்பாக்கியைச் சுமக்கும் முறை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. குழலில் தோட்டாவை ஏற்றி, பின்னாலுள்ள சுத்தியை முழுக்க இழுத்து நிறுத்தி, இடப்பக்கமுள்ள சின்ன நெம்பைத் தூக்கிப் பூட்டுப் போட்டு, அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார். பார்க்கிறவர்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள். எடுக்கும்போது வலது கட்டைவிரலால் அந்த நெம்பைக் கீழே தட்டினால்தான் சுடும்.

"பயத்துல மறந்துட்டா?" என்று கேட்பேன்.

"உன் வண்டிக்கு பிரேக் போட மறப்பியா? முப்பது வருஷமா இந்த விரல் அதையேதான் பண்ணுது. தூங்கும்போதுகூட பண்ணுதுன்னு என் பொண்டாட்டி சொல்லிட்டுதான் ஓடிப்போனா."

"அதுக்கா ஓடிப்போனாங்க?"

"வேற காரணமும் இருந்துச்சு, விடு."

அவர் அதை ஏன் நேசித்தார் என்பதை ஒரே ஒரு நாள் எனக்குக் காட்டினார். காலி பண்ணிக் கையில் கொடுத்து, "மெதுவா அழுத்து" என்றார். அழுத்த ஆரம்பிக்கும் முன்பே டிக் என்று சுத்தி விழுந்துவிட்டது. என் துப்பாக்கியின் விசை நீளமாக இழுபடும், பஞ்சுக்குள் விரலை அமுக்குவது போல. இதுவோ நினைத்த மாத்திரத்தில் சட்டென இறங்கியது. அமரில்லோ நகரத்தில் ஒரு துப்பாக்கி ஆசாரியிடம் கொடுத்து உள்ளே தேய்த்து, ஸ்பிரிங்கை மாற்றி, விசையை அழுத்தத் தேவைப்படும் பலத்தை இரண்டரை பவுண்டுக்கு இறக்கி வைத்திருந்தார். போட்டிகளுக்காகச் செய்தது. எங்கள் அலுவலக விதிப்படி அது தப்பு. ஆனால் ஒவ்வொரு வருடமும் மாவட்டங்களுக்கிடையிலான போட்டியில் கோப்பையை அவர்தான் கொண்டுவருவார். அந்தக் கோப்பைகள் ஷெரிஃப் வெண்டெல் ஸ்ட்ரௌட்டின் அறையில் வரிசையாக நின்றன. அதனால் ஷெரிஃப் அந்த விசையை ஒரு நாளும் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கும் தெரியும், நானும் வாயைத் திறக்கவில்லை.

"எப்படி?" என்றார்.

"பயமா இருக்கு."

"அது பயமில்ல பொண்ணே. கண்ணாடிக் குச்சி ஒடையிற மாதிரி. ஒரு தடவ பழகிட்டா உன் ரப்பர் விசைய உனக்கே தொடப் பிடிக்காது."

தொண்ணூற்று நான்காம் வருடம் அக்டோபர். பருத்தி அறுவடை முழு வீச்சில் நடந்துகொண்டிருந்தது. காற்றில் பஞ்சுத் துகள் பறந்து வேலிகளிலெல்லாம் ஒட்டியிருந்தது. மதியம் பன்னிரண்டரைக்கு எங்களுக்கு ஒரு கைது வாரண்ட் கொடுத்தார்கள். டாயில் கேட்லெட் என்பவன் பருத்தி ஆலையில் ஒருவனை பைப் ரெஞ்சால் அடித்துத் தாடையை உடைத்துவிட்டு, கோர்ட்டுக்கும் வராமல் இருந்தான்.

கேட்லெட் வீடு எனக்குத் தெரியும். வயல் நடுவே சக்கரத்தின் மேல் நிற்கும் டிரெய்லர் வீடு. அதற்கு முன் இரண்டு முறை அங்கே போயிருந்தேன், இரண்டு முறையும் அவன் பெண்டாட்டி நெல்டாவுக்காக. ஒரு முறை அவள் கன்னம் முழுக்க வீங்கியிருந்தது. இரண்டாம் முறை வாயைத் திறக்க முடியாமல் பென்சிலால் எழுதிக் காட்டினாள்: குதிரை உதைத்துவிட்டதாம். அவர்களிடம் குதிரையே இல்லை.

"இவன் வம்பு பண்ணுவான். ஆள் கூட்டிக்கலாமா?" என்றேன்.

"எல்லாரும் நெடுஞ்சாலையில. லாரி கவுந்து கெடக்கு," என்றார் டக்கெட். "டாயிலை எனக்குச் சின்ன வயசுல இருந்தே தெரியும். பேசிக்கலாம்."

வண்டியை வாசலில் நிறுத்தினோம். டாயில் டிராக்டருக்கடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தான். எழுந்து வந்தான். ஆறடிக்கு மேல், எலும்பும் நரம்புமாக இருப்பான். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. நெல்டா டிரெய்லர் கதவைத் திறந்து படியில் நின்றாள். அவளிடம் பேசலாம் என்று நான் அந்தப் பக்கம் நகர்ந்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. டக்கெட்டுக்கும் எனக்கும் நடுவே பதினைந்து தப்படி விழுந்துவிட்டது.

"டாயில், கோர்ட்டுல உன்ன காணோம்னு சொல்றாங்கடா," என்றார் டக்கெட்.

"அறுப்பு நேரம் சார். எங்க போறது?"

"தெரியும். ஆனா இப்ப வந்துதான் ஆகணும். ஜாமீன்ல சாயங்காலமே வந்துரலாம்."

"கையெல்லாம் கிரீஸ். தொடச்சிக்கிட்டு வர்றேன்."

"தொடச்சிக்கோ."

அவன் பின்பாக்கெட்டிலிருந்து துணியை எடுப்பது போலக் கையைப் பின்னால் கொண்டுபோனான். துணிக்குப் பின்னால் ரெஞ்ச் இருந்தது. டக்கெட் பார்த்துவிட்டார், அவர் வலது கை உறைக்குப் போனது. ரெஞ்ச் அந்தக் கையின் மேல் இறங்கியது. காய்ந்த மரக்கிளை ஒடிவது போன்ற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடி தோளில். டக்கெட் மல்லாந்து விழ, டாயில் அவர் மேல் விழுந்தான்.

நான் உருவிவிட்டேன். ஆனால் இரண்டு பேரும் ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தார்கள். எந்த உடம்பு யாருடையது என்று தெரியவில்லை. "விடுடா! விடு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். டாயில் எழுந்து நின்றபோது அவன் கையில் டக்கெட்டின் நைன்டீன்-லெவன் இருந்தது. குனிந்து அதை டக்கெட்டின் நெற்றிக்கு ஒரு முழத் தூரத்தில் பிடித்தான். சுத்தி பின்னால் இழுபட்டு நிற்பதை அவன் பார்த்திருப்பான், தயாராக இருக்கிறது என்று நினைத்திருப்பான். விசையை அழுத்தினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினான். இன்னும் பலமாக அழுத்தினான். பூட்டு போட்டபடியே இருந்தது. அவன் முகத்தில் ஒரு குழந்தைத்தனமான குழப்பம் வந்தது, துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தான்.

நான் சுட்டேன். எத்தனை முறை என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு ஒன்பது என்று சொன்னார்கள். அவற்றில் ஐந்து அவன் மேல் பட்டதாம். அவன் விழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு எட்டு வைத்தான், இன்னொரு எட்டு வைத்தான். சட்டை முன்பக்கம் முழுக்க நிறம் மாறிக்கொண்டே வந்தது. "என்ன இது," என்றான், யாரோ காப்பியைக் கொட்டிவிட்டது போல. பிறகு முழங்கால் மடங்கி முகங்குப்புற விழுந்தான். டக்கெட்டின் துப்பாக்கி அவன் கையிலிருந்து தெறித்து மண்ணில் கிடந்தது.

நெல்டாவை நான் மறந்துவிட்டிருந்தேன். அது இரண்டாவது தப்பு.

மான் வேட்டை ரைபிள் பக்கத்திலிருந்து சுட்டால் சத்தம் காதில் கேட்பதில்லை, பல்லில்தான் கேட்கும். என் இடது தொடையை யாரோ இரும்புக் கம்பியால் விளாசியது போலிருந்தது. பக்கவாட்டில் விழுந்தேன். என் துப்பாக்கி கையை விட்டுப் பறந்து, சரளையில் வழுக்கி, வண்டிக்கடியில் போய்விட்டது. பதினேழில் எட்டு தோட்டா அதில் மிச்சமிருந்தது. எட்டினால் தொடலாம் என்று தோன்றியது. கையை நீட்டினேன், ஒரு முழம் குறைந்தது. காலை இழுத்தால் உலகமே வெள்ளையாகிப் போனது.

நெல்டா படியின் மேல் நின்றிருந்தாள். டிரெய்லருக்குள்ளிருந்து எடுத்து வந்திருந்த ரைபிளின் போல்ட்டை, தோட்டா மாற்றும் அந்தக் கைப்பிடியை, பின்னால் இழுத்தாள், காலித் தோட்டா தெறித்து விழுந்தது.

டக்கெட் தவழ்ந்து போய்த் தன் துப்பாக்கியை எடுத்துவிட்டார், இடது கையால். வலது முன்கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் வளைந்து தொங்கியது. அவளை நோக்கிப் பிடித்து அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நெம்பு இடப்பக்கத்தில் இருக்கிறது. வலது கையால் பிடித்தால் கட்டைவிரலுக்குக் கீழேயே இருக்கும். இடது கையால் பிடித்தால் உள்ளங்கைப் பக்கம் போய்விடும், விரல் எட்டாது. மூன்று வருடமாக நான் கத்திக்கொண்டிருந்த குறை அது. வலது விரலுக்கு முப்பது வருடப் பழக்கம் இருந்தது, இடது விரலுக்கு ஒரு நாள் பழக்கம்கூட இல்லை. கட்டைவிரலைத் துப்பாக்கியின் முதுகின் மேல் கொண்டுபோய் அமுக்கப் பார்த்தார். கை முழுக்க ரத்தம், வழுக்கியது. பிடி நழுவித் துப்பாக்கி கிட்டத்தட்ட விழுந்தேவிட்டது.

"பூட்டு! பூட்டு!" என்று அலறினேன். அவருக்குத் தெரியாததையா சொன்னேன்?

முழங்காலில் நிமிர்ந்து, துப்பாக்கியைத் தன் பூட்ஸ் ஓரத்தில் வைத்துத் தேய்த்தார். முதல் தடவை சறுக்கியது. இரண்டாம் தடவை நெம்பு இறங்கியது. கையை உயர்த்தினார்.

அடுத்து நடந்ததை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் சொல்கிறேன். நெல்டாவின் கை போல்ட்டின் மேல் இருந்தது. போல்ட் பின்னால் இழுபட்டு நின்றது. அவள் பார்வை எங்கள் மேல் இல்லை. தரையில் கிடந்த புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டதா, அடுத்த தோட்டாவைத் தள்ளுவதற்கு முன்னால் வரும் சின்ன இடைவெளியா, எனக்குத் தெரியாது. டக்கெட் மூச்சை இழுத்தார். "கீழ போ..." என்று ஆரம்பித்தார். "கீழ போடு" என்று சொல்ல வந்தார். "டு" வரவில்லை. துப்பாக்கி வெடித்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். சுடுகிறவனுடைய முகமாக அது இல்லை.

நெல்டாவின் காறை எலும்புக்குக் கீழே பட்டது. அவள் விழவில்லை. களைத்துப்போனவள் உட்காருவது போல மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள். ரைபிள் மடியிலிருந்து வழுக்கிக் கீழே போனது.

தோளிலிருந்த ரேடியோவில் நான் ஆம்புலன்ஸ் கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது. லாரி கவிழ்ந்த இடத்திலிருந்து வரவேண்டும், இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். தொடையிலிருந்து ரத்தம் துடிப்போடு வந்தது. பெல்ட்டை உருவித் தொடையின் மேல்பக்கம் சுற்றினேன். இறுக்க முடியவில்லை, விரல்கள் பிசுபிசுத்தன.

"டக்கெட்! இங்க வாங்க! கட்டிவிடுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு திரும்பி, ஒரு கையால் மண்ணைப் பிடித்து இழுத்து இழுத்துத் தவழ்ந்து, நெல்டாவிடம் போனார்.

"டக்கெட்! நான் சாகப்போறேன்! கேக்குதா? அவ நம்மளச் சுட்டாய்யா!"

அவர் திரும்பவில்லை. ஒடியாத கையின் உள்ளங்கையை அவள் மார்பின் மேல் வைத்துத் தன் உடம்பின் எடையையெல்லாம் அதில் கொடுத்து அழுத்தினார். நான் பெல்ட்டின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டினேன். அவர் மேல் வந்த ஆத்திரம்தான் என்னை மயக்கம் போடாமல் வைத்திருந்தது என்று நினைக்கிறேன். கண்டபடி திட்டினேன், என் அம்மாவின் மொழியில், அவருக்குப் புரியாத வார்த்தைகளில்.

கொஞ்ச நேரம் கழித்து நெல்டாவின் வாய் அசைந்தது.

"டாயில்?"

டாயில் அவர்களிடமிருந்து பத்தடியில் குப்புறக் கிடந்தான். அவனைச் சுற்றி மண் கறுத்திருந்தது, ஈக்கள் வந்துவிட்டன.

"நல்லாத்தான் இருக்கான்," என்றார் டக்கெட். "மூச்சு விடுறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம். நீ பேசாத."

அவள் அதற்கு மேல் பேசவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது டக்கெட்டின் கையை அவள் மேலிருந்து பிரித்து எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவள் இறந்து பத்து நிமிடமாவது ஆகியிருக்கும் என்று ஒருவர் சொன்னார்.

லப்பக் ஆஸ்பத்திரியில் எனக்கு மூன்று ஆபரேஷன் நடந்தது. தொடை எலும்புக்குள் ஒரு கம்பி இருக்கிறது. குளிர் நாட்களில் அது இருப்பது தெரியும்.

மாநில விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். டக்கெட்டின் துப்பாக்கியைச் சோதித்து, விசையின் இழுப்பு இரண்டரை பவுண்டுக்கும் கொஞ்சம் குறைவு என்று எழுதியிருந்தார். விதிப்படி ஐந்துக்குக் குறையக்கூடாது. ஷெரிஃப் ஸ்ட்ரௌட் தனக்கு அதெல்லாம் தெரியாது என்றார். அவர் அறையில் கோப்பைகள் இருந்த தட்டு காலியாக இருந்ததாக மற்ற டெபுட்டிகள் சொன்னார்கள்.

வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி முன்னால் ஊன்றுகோலோடு போனேன். பன்னிரண்டு பேர், எல்லாம் தெரிந்த முகங்கள். என் அம்மாவுக்கு முடி வெட்டும் பெண்கூட அதில் இருந்தாள். அரசு வக்கீல் கேட்டார்:

"சுடுறதுக்கு முன்னாடி டக்கெட் எச்சரிக்கை குடுத்தாரா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். வக்கீலும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

"குடுக்க ஆரம்பிச்சார்," என்றேன்.

"ஆரம்பிச்சார்னா?"

"பாதி வார்த்தை வந்துச்சு. அதுக்குள்ள வெடிச்சிருச்சு."

முடி வெட்டும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த நாள் டக்கெட்டை விசாரித்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று பிறகு அவரே எனக்குச் சொன்னார். துப்பாக்கி தானாக வெடித்ததா என்று கேட்டார்களாம். "துப்பாக்கி தானா வெடிக்காது. என் விரல் அங்க இருந்துச்சு. நான்தான் சுட்டேன்," என்றாராம். சுடவேண்டும் என்று முடிவு செய்துதான் சுட்டீர்களா என்று கேட்டார்களாம். அதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றாராம்.

வழக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று. அவளிடம் ரைபிள் இருந்தது, என்னைச் சுட்டிருந்தாள், அது போதும். டக்கெட் அந்த வாரமே வேலையை விட்டார்.

கோர்ட்டுக்குப் பின்னாலிருக்கும் வண்டி நிறுத்தும் இடத்தில் அவரைப் பிடித்தேன். வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையால் கார்க் கதவைத் திறக்கத் திணறிக்கொண்டிருந்தார்.

"பாதி வார்த்தைன்னு சொன்னதுக்குக் கோவமா?" என்றேன்.

"பாதிதானே வந்துச்சு. வேற என்ன சொல்லுவ."

"எனக்குக் கோவம் இருக்கு."

"தெரியும்."

"முதல்ல அவகிட்ட ஏன் போனீங்க? நான் உங்க பார்ட்னர்."

அவர் சாவியைப் பூட்டிலிருந்து எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ கத்திக்கிட்டு இருந்த இபாரா. அவ கத்தல."

எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவதும் அதுதான். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, சத்தமில்லாதவனிடம் முதலில் போ. அந்தப் பதிலில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நிமிடம் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது கணக்குப் போட்ட பார்வையில்லை. நான் கத்தாமல் கிடந்திருந்தாலும் அவர் அவளிடம்தான் போயிருப்பார். இதை அவரிடம் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டேன், ஏறிப் போனார்.

இப்போது அவர் நியூ மெக்சிகோவில் அக்கா வீட்டோடு போய்த் தங்கி, கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்கிறார். சாட்சியப் பொருளை விடுவித்தபோது வந்து தன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார். அவர் அதைத் தொடவே மாட்டார் என்று எல்லோரும் பந்தயம் கட்டியிருந்தார்கள். பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு, இடது கைக்கும் ஒரு நெம்பு வைத்து, இன்னமும் இடுப்பில் வைத்திருக்கிறாராம். "அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று போனில் கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வசந்தத்தில் நெல்டாவின் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். நான் காலின் காரணமாக மேசை வேலையில் இருந்தேன். அறுபது வயதுக்கு மேல், பருத்தி ஆலையில் பஞ்சு பிரிக்கிற வேலை. தலைமுடியில்கூடப் பஞ்சு இருந்தது. என் எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் மகள் சுட்டது உன்னைத்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

"கடைசியா ஏதாவது சொன்னாளாம்மா?"

"புருஷன் பேரச் சொன்னாங்க. எப்படி இருக்கான்னு கேட்ட மாதிரி."

"அதுக்கு அந்த ஆளு என்ன சொன்னாரு?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்தம்மாவின் கண்ணைப் பார்த்தபோது முடியவில்லை.

"உயிரோட இருக்கான்னு சொன்னார். மனசு தாங்கட்டும்னு சொல்லியிருப்பார்."

அந்தம்மா தன் கைகளில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"ரெண்டு தடவ அவ தாடைய ஒடச்சான்," என்றார். "ஒரு தடவ கர்ப்பத்துல உதைச்சான். ராத்திரி எந்திரிச்சு வந்துருவாளோன்னு அவன் அவ செருப்பக்கூடப் பூட்டி வப்பான். எம்பொண்ணு அவனுக்காகத்தான் துப்பாக்கியத் தூக்குனாளா, பயத்துல தூக்குனாளா, என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா அவன் செத்துட்டான், இனி வரமாட்டான்னு யாராச்சும் ஒருத்தர் அவகிட்ட சொல்லியிருக்கலாம்."

எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே சரியாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். நான் அன்று சாயங்காலம் டக்கெட்டின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. இன்றுவரை அந்தம்மா சொன்னதை அவரிடம் சொல்லவில்லை.